ஆப்பரேட்டர் அக்காவின் இரண்டு பாட்டில்கள்

கடவுள் இருக்கிறாரா என்று யோசித்துத் தூக்கம் கெட்டவர்கள் உலகத்தில் நிறையப் பேர். விளம்பரத்துக்குள் போன் நம்பர் இருந்தால் ஜனங்கள் அதைச் சொடுக்குவார்களா மாட்டார்களா என்று யோசித்துத் தூக்கம் கெட்டவர், எனக்குத் தெரிந்து, இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் தினமும் காலையில் காட்பாடியில் ரயில் ஏறி ஆம்பூரில் இறங்குவார்.

பெயர் என்று ஒன்று இருந்தது. சம்பளக் கவரில் அச்சடித்தும் வந்தது. ஆனால் நாங்கள் வேலை பார்த்த ஷூ கம்பெனியில் வாட்ச்மேனிலிருந்து முதலாளி வரை எல்லோருக்கும் அவர் ஆப்பரேட்டர் அக்கா. முதலாளிக்கு அக்காவைவிட வயது அதிகம். அது யாருக்கும் உறைக்கவில்லை, முதலாளி உட்பட.

நான் சாம்பிள் பிரிவில் இருந்தேன். வெளிநாட்டுக்குப் போகும் மாதிரி ஷூக்களுக்குச் சீட்டு ஒட்டுகிற வேலை. இடது கால் ஷூ மட்டும் கப்பலேறும். வலது கால் எங்களிடம் தங்கிவிடும். ஜோடி பிரிந்த ஷூக்களுக்கு நடுவே நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவனுக்கு, அடுத்த அறையில் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்கத் தோன்றும். அப்படித்தான் அக்காவின் கண்ணாடிக் கூண்டுப் பக்கம் போக ஆரம்பித்தேன். வரவேற்பறைக்குப் பின்னால், உள்ளே ஒருவர் இருந்தால் இன்னொருவர் மூச்சை வெளியே விட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டிய கூண்டு. அதில் டெலிபோன் போர்டு, தலையில் மாட்டும் கருவி, ஒரு ஃபிளாஸ்க், அக்கா.

வேறு கம்பெனிகளில், போனில் கூப்பிட்டவரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டுப் பாட்டுப் போடுவார்கள். அக்காவுக்கு அது பிடிக்காது.

“பாட்டு போட்டா இன்னா அர்த்தம்? நான் போய்ட்டேன், நீ பாட்டு கேட்டுக்கினு கெடன்னு அர்த்தம். அது மரியாதையா?”

ஆகவே இணைப்புக் கிடைக்கும்வரை அக்கா லைனிலேயே இருப்பார். சும்மா இருக்க மாட்டார். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம், குழந்தையைத் தட்டிக் கொடுக்கிற குரலில், “ஐ ஆம் ஹியர் ஒன்லி” என்பார். ஜெர்மனியிலிருந்து கூப்பிடும் ஒரு வாடிக்கையாளர், மேனேஜர் வந்துவிட்டார் என்று சொன்ன பிறகும், பரவாயில்லை, இன்னும் கொஞ்ச நேரம் ஹோல்டில் வையுங்கள் என்று கேட்டதாகக் கம்பெனியில் ஒரு பேச்சு உண்டு. நான் நம்புகிறேன். அந்தக் குரலைக் கேட்டவர்கள் எல்லோரும் நம்புவார்கள்.

பிறகு எல்லோர் சட்டைப் பையிலும் செல்போன் வந்தது. மேனேஜரைக் கூப்பிட வேண்டியவர்கள் மேனேஜரின் பையையே கூப்பிட்டார்கள். போர்டில் விளக்குகள் ஒவ்வொன்றாக மினுக்குவதை நிறுத்தின, மழை விட்ட ஓட்டில் சொட்டு நிற்பதுபோல. அதே சமயத்தில் கம்பெனிக்கு இணையம் வந்தது. டெலிபோன் லைன் எங்கே இருக்கிறதோ அங்கேதான் அதையும் வைக்க முடியும் என்றார்கள். ஒரு கம்ப்யூட்டர் அக்காவின் கூண்டுக்குள் திணிக்கப்பட்டது. ஃபிளாஸ்க் வெளியேற்றப்பட்டது.

அக்காவின் வீடு வேலூரில், பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு சந்து. வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் பீகாரிலிருந்தும் எக்ஸ்ரே கவரைக் கையில் பிடித்தபடி வருகிறவர்கள் அந்தச் சந்தில்தான் திசை தவறி நிற்பார்கள். லாட்ஜ் எங்கே, மீன் குழம்பு எங்கே கிடைக்கும், காட்பாடி ஸ்டேஷனுக்கு எந்த பஸ். சலிக்காமல் பதில் சொல்லிச் சொல்லி அக்காவுக்கு ஒரு நாள் தோன்றியது: இதையெல்லாம் இணையத்தில் எழுதிப் போட்டால் என்ன? போட்டார். வேலூருக்கு வைத்தியத்துக்கு வருகிறவர்களுக்கு ஒரு பக்கம். ஆப்பரேட்டர் ஆங்கிலத்தில் எழுதியது. தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: ‘ஸ்டேஷனில் இறங்கியதும் ஆட்டோ ஏறாதே. முதலில் டீ குடி. பிறகு இரண்டு பேரைக் கேள்.’ இன்னொரு இடத்தில்: ‘டாக்டர் நாலு நாள் கழித்து வா என்றால் ரூமில் உட்கார்ந்து அழாதே. அமிர்திக்குப் போ. சின்ன மிருகக் காட்சி சாலை இருக்கிறது. மான் இருக்கிறது.’

அந்த ‘மான் இருக்கிறது’ என்ற வாக்கியத்தைவிட நல்ல ஆறுதலை நான் பின்னாளில் எந்தக் கவிதையிலும் எழுதவில்லை.

இணையத்தில் பக்கம் குடியிருக்கும் இடத்துக்கு வருஷ வாடகை உண்டு. அதற்காக அக்கா, ஒரு பெரிய வெளிநாட்டுக் கம்பெனி தருகிற விளம்பரங்களுக்குத் தன் பக்கத்தின் வலது ஓரத்தை விட்டுக்கொடுத்தார். படம் கிடையாது, நாலு வரி எழுத்து. வருகிறவர் அதைச் சொடுக்கினால் அக்காவின் கணக்கில் ஏதோ ஒரு துளி விழும். பார்த்துவிட்டு மட்டும் போனால் விழாது. அந்தத் துளிகள் சேர்ந்து வாடகையை நிரப்ப வேண்டும். கைக்காசு போட அக்கா சம்மதிக்கவில்லை.

“என் காசு ஒரு பைசா இதுல போட மாட்டேன் தம்பி. போட்டா அது பொழுதுபோக்கு. போடலன்னா அது வேலை. பக்கம் தன் சோத்த தானே சம்பாதிக்கணும். முடியலன்னா மூடிட வேண்டியதுதான்.”

சொந்தப் பக்கத்தின் விளம்பரத்தை நாமே சொடுக்கக் கூடாது என்று அந்தக் கம்பெனியின் சட்டம். அக்கா அதை வேதத்தின் பதினோராவது கட்டளையாக எடுத்துக்கொண்டார். கை தவறிப் போய்விடும் என்று பயந்து, கட்டிங் பிரிவிலிருந்து ஒரு நீளமான ஆட்டுத்தோல் துண்டு வாங்கி வந்து கம்ப்யூட்டர் திரையின் வலது ஓரத்தில் ஒட்டி வைத்தார். காலையில் ஒரு தரம், கோயிலில் திரை விலக்குவதுபோல அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு மூடிவிடுவார். எனக்கும் தடை.

“நீ அமுக்க மாட்டல்ல?”

“சத்தியமா மாட்டேன்க்கா.”

“சத்தியம் பண்ணக் கூடாது, வேதத்துல வேணாம்னு இருக்கு. சும்மா சொல்லு.”

“மாட்டேன்.”

“ஆங்.”

ஆடி மாதத்தில் ஒரு நாள் அக்கா என்னைக் கூண்டுக்கு அழைத்தார். முகம் வாடியிருந்தது.

“க்ளிக்கு கம்மியாயிட்சு தம்பி. பக்கத்த பாக்குறவங்க அதே ஜனந்தான். அமுக்குறதுதான் இல்ல. இங்க பாரு.” தோலைத் தூக்கினார். “இன்னா இருக்கு?”

வேலூர் – சென்னை விமான நிலையம், அமிர்தி, ஏலகிரி, வசதியான வண்டிகள். நாலாவது வரியில் செல்போன் நம்பர்.

“இதான். போன மாசத்துலருந்து விளம்பரத்துக்குள்ளயே நம்பர் போடுறானுங்க. நம்பர பாத்தவன் எதுக்கு அமுக்குவான்? நேரா போன் போட்டுட்டு போய்ட்டே இருப்பான். விளம்பரக்காரனுக்கு வேலை ஆயிட்சு, செலவில்ல. என் பக்கத்துக்கு பட்டினி. கிறிஸ்துமஸ்க்கு முன்னால வாடகை கட்டணும். இப்படியே போனா கட்ட முடியாது.”

எனக்கு வேறு விதமாகத் தோன்றியது. நம்பர் இருந்தால் அந்த ஆள் நிஜமாகவே இருக்கிறான் என்று நம்பிக்கை வரும். நம்பிக்கை வந்தால் இன்னும் நாலு பேர் சொடுக்குவார்கள் என்றேன். அக்கா என்னை, தவறான எக்ஸ்டென்ஷன் கேட்டவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“நம்பர்னா போடறதுக்குத்தான். இத்தன வருஷத்துல நம்பர பாத்துட்டு வேற எதையோ அமுக்குன ஆள நான் பாத்ததில்ல.” பிறகு கொஞ்சம் யோசித்தார். யோசிக்கும்போது அக்கா காதில் மாட்டும் கருவியைக் கழற்றிவிட்டு, மறுபடி மாட்டிக்கொள்வார். “ஆனா நீ சொல்றதும் இருக்கலாம். கண்டுபிடிக்கணும்.”

அந்த ‘கண்டுபிடிக்கணும்’ என்ற சொல்லில் ஆம்பூருக்கு வரவிருந்த தொல்லைகள் அனைத்தும் அடங்கியிருந்தன.

நம்பர் உள்ள விளம்பரங்களை வரவிடாமல் தடுக்க அந்த விளம்பரக் கம்பெனியில் ஒரு வழி இருந்தது. சந்தேகத்தின் பேரில் யாரையும் தடுக்கக் கூடாது, முதலில் விசாரணை என்றார் அக்கா. விளம்பரதாரர்களுக்கே போன் போட்டார், சாப்பாட்டு வேளையில், சொந்த செல்போனிலிருந்து. “உங்க விளம்பரத்த அமுக்காம நேரா கூப்புட்றவங்க ஜாஸ்தியா, அமுக்கிட்டு வர்றவங்க ஜாஸ்தியா?” ஒரு லாட்ஜ்காரர் இது ஏதோ வரி ஆபீஸ் விஷயம் என்று நினைத்து, தன்னிடம் மொத்தமே ரெண்டு ரூம்தான் இருக்கிறது என்று சாதித்தார். இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்று டெல்லியிலிருந்து எடுத்தது. ஒரு பெண், அக்காவின் கேள்வி புரியாமல், காத்திருக்கச் சொல்லிவிட்டுப் பாட்டுப் போட்டுவிட்டாள். அவ்வளவுதான். ஆராய்ச்சி அங்கேயே நின்றது. அந்தப் பெண் லைனுக்குத் திரும்பி வந்ததும் அக்கா அவளுக்கு, ஹோல்டு வைப்பது எப்படி என்று ஆங்கிலத்தில் பாடம் நடத்த ஆரம்பித்தார்.

“மியூசிக் நாட் நெசசரி, மா. யூ ஜஸ்ட் சே, ஐ ஆம் ஹியர் ஒன்லி. சே.”

டெல்லி சொல்லியது. எனக்கே கேட்டது.

“ஸ்லோலி.”

டெல்லி மெதுவாகச் சொல்லியது.

அடுத்தது ரயில். காட்பாடி – ஆம்பூர் காலை வண்டியில் ஒரு பெட்டி முழுக்க எங்கள் தையல் பிரிவுப் பெண்கள் வருவார்கள். கையில் டிபன் பை, மடியில் பூ, வாயில் முந்தின நாள் சூப்பர்வைசர். அக்கா இரண்டு அட்டைகள் தயாரித்தார். இரண்டிலும் அதே டிராவல்ஸ் விளம்பரம். ஒன்றில் போன் நம்பர் உண்டு, ஒன்றில் இல்லை. கூடவே இரண்டு ஊறுகாய் பாட்டில்கள், வேடிக்கை பார்க்க நான். ஷூவில் கயிறு நுழையும் சின்னப் பித்தளை வளையத்தை ஐலெட் என்போம். அது எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு, மிளகு மாதிரிக் கிடக்கும். ஆளுக்கு ஒரு ஐலெட். எந்த அட்டையைத் தொடத் தோன்றுகிறதோ, அந்த பாட்டிலில் போட வேண்டும்.

“இது இன்னாக்கா, எலெக்சனா?” என்றாள் நசீமா. தையல் பிரிவிலேயே வேகமான கையும் அதைவிட வேகமான வாயும் அவளுக்குத்தான்.

“ஆராய்ச்சிடி. யோசிக்காம போடு.”

“ரெண்டுலயும் போடலாமா? ஒண்ணு காலியா இருந்தா பாவமா இருக்கே.”

“பாவம் பாக்காத. உனக்கு வண்டி வேணும்னு வெச்சிக்க. எத தொடுவ?”

“நான் எதையும் தொட மாட்டேன்க்கா. இந்த நம்பருக்கு ஒரு மிஸ்டு கால் குடுப்பேன். வேணும்னா அவன் கூப்புடுவான். நம்ம காசு எதுக்கு?”

பெட்டி முழுக்கத் தலையாட்டியது. அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் மிஸ்டு கால் ஒரு தனி மொழி. ஒரு மணி அடித்துக் கட் செய்தால் கிளம்பிவிட்டேன். இரண்டு அடித்தால் சோறு வடி. மூன்று அடித்தால் நீ கூப்பிடு, என்னிடம் காசு இல்லை. பேசுவதற்காகப் போன் வைத்திருந்தவர்கள் மேனேஜர்கள் மட்டும்தான்.

“குடுத்து பாக்கட்டா?” என்றாள் நசீமா. அக்கா வேண்டாம் என்று சொல்வதற்குள் ஒரு மணி போய்விட்டது. அவள் கொடுத்தாள் என்று பக்கத்துப் பெண் கொடுத்தாள். பச்சகுப்பம் தாண்டுவதற்குள் பெட்டியே கொடுத்துவிட்டது.

டிராவல்ஸ்காரர் அப்போது பல் துலக்கிக்கொண்டிருந்திருக்க வேண்டும். சாவகாசமாக வந்து பார்த்தவருக்குத் தலை சுற்றியிருக்கும். வாழ்க்கையில் முதல் முறையாகத் தொழில் தன்னைத் தேடி வந்திருக்கிறது. அவர் ஒவ்வொரு நம்பராகத் திருப்பிக் கூப்பிட ஆரம்பித்தபோது எங்கள் தையல் பிரிவு ஓடிக்கொண்டிருந்தது. போன்கள் எல்லாம் டிபன் பைகளுக்குள், சுவரோர அலமாரியில், வரிசையாக. முதல் பை பாடியது. அது நின்றதும் அடுத்த பை. பிறகு மேல் தட்டு. பிறகு மறுபடி கீழ்த் தட்டு. தயிர் சாதத்துக்குள்ளிருந்து தேவகானம், எலுமிச்சை சாதத்துக்குள்ளிருந்து குத்துப் பாட்டு. சூப்பர்வைசர் அலமாரியின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓடி ஓடிப் பையைப் பையாக முறைத்தார். லைன் நின்றுபோனது. ஆர்டர் அவசரத்தில் இருந்த நாள்.

பர்சனல் மேனேஜர் அக்காவைக் கூப்பிட்டார். சீட்டு ஒட்டக் கையெழுத்து வாங்கப் போயிருந்ததால் நானும் அங்கே நின்றேன்.

“இன்னாக்கா இது?”

“ஆராய்ச்சி சார்.”

“ஆராய்ச்சியா? இன்னா ஆராய்ச்சி?”

அக்கா சொன்னார். நம்பர், சொடுக்கு, வாடகை, கிறிஸ்துமஸ் எல்லாவற்றையும். திட்டுவதற்காக நாற்காலியின் நுனிக்கு வந்திருந்த மேனேஜர் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்குச் சாய்ந்தார்.

“சரி, ரிசல்ட் இன்னா ஆச்சு?”

“பேஜார் சார்.”

மேனேஜருக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. ரயிலில் நடப்பது ரயிலோடு போகட்டும், கம்பெனிக்குள் வரக் கூடாது என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

ஆனால் மாலை ஷிப்டு விடும்போது டிராவல்ஸ்காரரே வேனோடு வாசலில் வந்து நின்றார். சாப்பாட்டு வேளையில் யாரோ போனை எடுத்து இடத்தைச் சொல்லியிருக்க வேண்டும். எத்தனை பேர், எந்த ஊர், எந்தத் தேதி? நசீமா அவரை மேலும் கீழும் பார்த்தாள். “ஏலகிரிக்கு இன்னா ரேட்டு?” என்று ஆரம்பித்தாள். பேரம் முடிந்தபோது டிராவல்ஸ்காரர் வந்த நேரத்தை நொந்துகொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஒரு வேன் நிறையப் பெண்கள் ஏலகிரிக்குப் போவது உறுதியாகியிருந்தது. முன் சீட்டில் அக்கா. பெட்டிகளைத் தூக்கி வைக்க ஒரு ஆண்பிள்ளை வேண்டும் என்று நானும்.

மலைப் பாதையில் வளைவுக்கு வளைவு பின்னால் கூச்சலும் பாட்டும். அக்கா மட்டும் பாறைகளைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

“பாரு தம்பி. ஒரே ஒரு நம்பர். ஒரு வண்டி ஜனம் மலை ஏறுது. எத்தன க்ளிக்கு? ஒண்ணு கூட இல்ல. நிரூபிச்சிட்டேன்.”

நான் மெதுவாகச் சொன்னேன். “அக்கா, இவங்க யார் வீட்லயும் கம்ப்யூட்டர் இல்ல. நீங்க காட்டுனது அட்டை. அட்டைய எப்படிக்கா சொடுக்குவாங்க?”

ஒரு வளைவு போனது. இன்னொரு வளைவு போனது. கீழே ஜோலார்பேட்டைப் பக்கத்துத் தண்டவாளம் வெயிலில் தையல் போட்ட மாதிரி மின்னியது.

“இத ரயில்லயே சொல்றதுக்கு இன்னா?” என்றார் அக்கா.

ஏரியில் எல்லோரும் படகு விட்டார்கள். அக்கா கரையில் உட்கார்ந்து தன் தோல்வியை முறையாகத் தின்றுகொண்டிருந்தார், கூடவே பலாச்சுளையும். இறங்கும்போது முகம் தெளிந்திருந்தது. அடுத்த ஆராய்ச்சி பிறந்துவிட்டது.

இந்த முறை பக்கத்திலேயே. பதினைந்து நாள் நம்பர் உள்ள விளம்பரங்களை அப்படியே விடுவது. அடுத்த பதினைந்து நாள் அவற்றைத் தடுத்துவிடுவது. காலையில் முந்தின நாளின் சொடுக்குகளுக்கு ஈடாக பாட்டிலில் ஐலெட் போடுவது. முதல் பாட்டிலில் ‘நம்பர் உண்டு’, இரண்டாவதில் ‘நம்பர் இல்லை’ என்று ஷூ பெட்டிக்கு ஒட்டும் சீட்டு ஒட்டினேன். என் வாழ்க்கையில் நான் அர்த்தத்தோடு ஒட்டிய சீட்டுகள் அவை இரண்டுதான்.

கம்பெனியே அந்தக் கூண்டை எட்டிப் பார்க்க ஆரம்பித்தது. மேனேஜர் ஏதோ போன் செய்ய வந்தவர்போல வந்து பாட்டிலைத் தூக்கிக் குலுக்கிவிட்டுப் போவார். வேலூரில் அக்கா வீட்டுப் பக்கத்தில் ஒரு பிரௌசிங் சென்டர் வைத்திருந்த பாய், “ஜனங்க மவுஸ தொடவே பயப்புட்றாங்க, இதுல விளம்பரத்த எங்க தொடுறது?” என்று மூன்றாவதாக ஒரு கட்சி ஆரம்பித்திருந்தார்.

முதல் பாட்டிலில் ஐலெட் அடியை மட்டும் மூடி நின்றது. இரண்டாவது பாட்டில் ஏறியது. நாளுக்கு நாள் ஏறியது. பதினைந்து நாள் முடியும் முன்பே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் குழந்தைக்கும் புரியும். அக்கா சொன்னது சரி. நான் சொன்னது தவறு. நம்பரைத் தடுத்தே வைத்தால் வாடகை தேறிவிடும், பக்கம் பிழைத்துவிடும்.

“கேக்கு வாங்கட்டாக்கா?” என்றேன்.

“இரு. யாரு அமுக்குறா, எதுக்கு அமுக்குறான்னு கண்ணால பாத்துட்றேன்.”

எனக்குப் புரியவில்லை. ஜெயித்தவர் எதற்கு மறுபடி எண்ண வேண்டும்? ஆனாலும் சனிக்கிழமை சாயங்காலம் வேலூருக்குப் போனேன். பாயின் சென்டரில், கண்ணாடிக் கதவோரம் ஒரு ஸ்டூலில் அக்கா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் எனக்கும் ஒரு ஸ்டூல். வெளியே மழை. இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். அப்பாவும் மகனும் என்று பார்த்ததும் தெரிந்தது. அப்பாவின் முழங்கால் வரை கட்டு. மகன் கையில் ஆஸ்பத்திரிக் காகிதம். அப்பாவை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, பாயிடம் இந்தியில் ஏதோ சொல்லிவிட்டு மகன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். தட்டினான். அக்காவின் பக்கம் வந்தது.

அக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். தன் பக்கத்தை அந்நியர் ஒருவர் படிப்பதை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

மகன் படித்தான். வலது ஓரத்துக்கு வந்தான். லாட்ஜ் விளம்பரம். சொடுக்கினான். என் மனதுக்குள் ஒரு ஐலெட் விழுந்தது. ஏதோ ஒரு பக்கம் திறந்தது, பூப்படத்தோடு. மெதுவாக, கால்வாசி, அரைவாசி. அவன் அதில் மேலும் கீழும் எதையோ தேடினான். இல்லை. திரும்பி வந்து அடுத்ததைச் சொடுக்கினான். அதிலும் தேடினான். மூன்றாவது. நான்காவது. பெஞ்சில் அப்பா காலை மாற்றி வைக்கப் பார்த்து, முடியாமல், கண்ணை மூடிக்கொண்டார். மகன் பாயைத் திரும்பிப் பார்த்து ஒரே ஒரு சொல்லைக் கேட்டான்.

“நம்பர்?”

பாய் உதட்டைப் பிதுக்கினார்.

அக்காவின் கை என் முழங்கையை விட்டுவிட்டது.

“தம்பி,” என்றார், என்னைப் பார்க்காமல். “அவன் விளம்பரம் பாத்து அமுக்கல. நம்பர் இல்லாததால அமுக்குறான். அந்த ரெண்டாவது பாட்டில்ல இருக்கிறது க்ளிக்கு இல்ல. அலைச்சல்.”

எழுந்து போய் அந்த மகன் முன்னால் நின்றார். என்ன வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டார். கீழ்த்தளத்தில் ஒரு ரூம். அப்பாவால் படி ஏற முடியாது. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. விசாரணைக் காலத்தில் அக்கா எல்லா லாட்ஜுக்கும் போன் போட்டவர் அல்லவா; நம்பர்கள் அவர் தலைக்குள் போர்டில் விளக்குபோல வரிசையாக இருந்தன. நின்றபடியே ஒவ்வொன்றாகப் போட்டார். ரெண்டே ரூம் இருப்பதாகச் சாதித்தவரும் அதில் ஒருவர். அவர் கீழே ரூம் காலியாக இருக்கிறதா என்று பார்க்கப் போன இடைவெளியில், அக்கா போனைக் காதில் வைத்தபடி, பெஞ்சில் இருந்த பெரியவரைப் பார்த்துச் சொன்னார்:

“ஐ ஆம் ஹியர் ஒன்லி.”

பெரியவருக்கு ஆங்கிலம் தெரிந்திருக்காது. கண்ணைத் திறந்து தலையை ஆட்டினார்.

ரூம் கிடைத்தது. ஆட்டோவில் அவர்களை ஏற்றிவிட்டு நனைந்துகொண்டு வந்த அக்கா, பாயை நகரச் சொல்லிவிட்டு, அங்கேயே உட்கார்ந்து தடுத்து வைத்திருந்த விளம்பரங்கள் எல்லாவற்றையும் திறந்துவிட்டார்.

“அப்போ வாடகை?” என்றேன்.

“வராது.”

“வாடகைய நான் கட்றேன்க்கா,” என்றார் பாய். “மூடிட்டா நம்ம கடைக்குத்தான் கஷ்டம். அத பாக்குறதுக்குன்னே வர்றாங்க.”

“உன் காசும் வேணாம், இவன் காசும் வேணாம்,” என்று மழையில் இறங்கிப் போய்விட்டார். நானும் பாயும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பக்கத்தை மூடப்போகிறார் என்றே இருவரும் நினைத்தோம்.

சொடுக்குகள் மறுபடி இறங்கின. டிசம்பர் வந்தது. காலையில் நான் கூண்டுக்குப் போகும்போதெல்லாம் பக்கம் இருக்கிறதா என்று பார்ப்பேன். ஒரு நாள் திரையில் ஆட்டுத்தோல் இல்லை. ஒட்டியிருந்த இடத்தில் பசைக் கறை மட்டும்.  அருகில் போய்ப் பார்த்தேன். பக்கம் இருந்தது. வலது ஓரத்தில்தான் விளம்பரங்கள் இல்லை, ஒன்றுகூட இல்லை. அந்த நாலு வரி இடத்தில் ஒரே ஒரு செல்போன் நம்பர், பெரிய எழுத்தில். அக்காவின் நம்பர். கீழே: ‘மிஸ்டு கால் கொடுக்கலாம். நான் கூப்பிடுவேன்.’

“வாடகை?”

“நான் கட்டிட்டேன்.”

“அப்போ இது பொழுதுபோக்கா?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

அக்கா காதில் மாட்டும் கருவியைக் கழற்றினார். மறுபடி மாட்டிக்கொண்டார்.

“இல்ல. ட்யூட்டி மாத்திட்டேன். இது போர்டு ட்யூட்டி.”

சில வருஷங்களில் கம்பெனி அந்த டெலிபோன் போர்டைக் கழற்றி, ஒரு மூலையில் ஜோடி இழந்த வலது கால் ஷூக்களோடு போட்டுவிட்டது. அக்கா அதற்காக வருந்தியதாகத் தெரியவில்லை. அவருக்கு நேரமில்லை. கல்கத்தாவிலிருந்தும் குவாஹாத்தியிலிருந்தும் ஒரு மணி அடித்துக் கட் ஆகும் அழைப்புகள். காட்பாடி மேடையில் டீ குடித்துவிட்டு, இரண்டு பேரைக் கேட்பதற்குப் பதிலாக அக்காவைக் கேட்கிறவர்கள். அரைகுறை வங்காளம், முக்கால் இந்தி, முழு ஆம்பூர் ஆங்கிலம். நசீமாவின் கூட்டம் அந்த டிராவல்ஸ்காரரின் வேனில் வருஷா வருஷம் மலையேறியது.

நான் இப்போது எழுதிப் பிழைக்கிறேன். என் எழுத்துக்கும் ஓரத்தில் விளம்பரம் வருகிறது. எத்தனை பேர் சொடுக்கினார்கள் என்று ஆசிரியர்கள் வாரந்தோறும் எனக்குச் சொல்கிறார்கள். அப்போதெல்லாம் அந்த இரண்டாவது பாட்டில் ஞாபகம் வரும். போன மாதம் அக்காவைக் கூப்பிட்டேன். மிஸ்டு கால்தான். உடனே திரும்பக் கூப்பிட்டார்.

“அக்கா, கடைசில கேள்விக்குப் பதில் இன்னா? நம்பர் இருந்தா க்ளிக்கு கம்மியாவுதா, இல்லியா?”

“பாட்டில் ஆமான்னுதான் சொல்லிச்சு,” என்றார். வயதில் குரல் கொஞ்சம் தளர்ந்திருந்தது. ஆனால் அதே குரல். “ஆனா அப்பவே எனக்கு ஒரு டவுட்டு தம்பி. ரெண்டாவது பதினஞ்சு நாள் பூரா மழை. மழைல ஜனம் உள்ளயே குந்தினு இருக்கும். ஜாஸ்தி அமுக்கும். வெயில் காலத்துல இன்னொரு தரம் செஞ்சி பாத்திருக்கணும்.”

சிரித்தேன். அவரும் சிரித்தார். அதற்குள் அவர் பக்கத்தில் இன்னொரு போன் அடிக்கிற சத்தம் கேட்டது.

“யாரோ வர்றாங்க தம்பி. உனக்கு எதுனா வேணுமா? வெச்சிடட்டா?”

“ஒண்ணும் வேணாம்க்கா. வெக்காதீங்க. ஹோல்டுல போடுங்க, போதும்.”

பாட்டு எதுவும் வரவில்லை. தொலைவில், வேலூரில், யாருக்கோ அமிர்திக்கு எந்த பஸ் என்று சொல்லிக்கொண்டிருந்தார். மான் இருக்கிறது என்றார். பிறகு, இடையில், என் காதுக்கு மட்டும்:

“இருக்கேன் தம்பி. இங்கதான் இருக்கேன்.”